பாதித் தண்ணீர்

இரண்டாவது முறையாக மெஷின் நின்றபோது அவள் மாமனாரின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரைச்சல் அடங்கியதும் அவருடைய மூச்சு தனியாகக் கேட்டது. அறுந்து அறுந்து, ஒவ்வொன்றும் எங்கிருந்தோ இழுத்து வருவது போல.

"மறுபடியுமா?" வாசலில் லோடு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த கணவன் ஓடி வந்தான்.

கட்டிலின் தலைமாட்டில் இருந்த பேட்டரிப் பெட்டியை அவள் திறந்தாள். ஃப்யூஸ் கருகியிருந்தது. காலையிலும் இப்படித்தான் போனது. மூடிக்குள் ஒட்டி வைத்திருந்த ஒரே மாற்று ஃப்யூஸை அப்போது போட்டுவிட்டாள். மின்கம்பம் எட்டாத தெரு அது. கூரைமேல் இருக்கும் சோலார் பலகைகளும் இந்தப் பெட்டியும்தான் அந்தச் சின்ன ஆக்சிஜன் மெஷினை ஓட்டின.

"யாரு எதைச் சொருகினது?" என்றாள் அவள்.

நாத்தனார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் டவுனிலிருந்து கொண்டுவந்த மின்சாரக் கெட்டில்.

"அடுப்பே பத்த வைக்கக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க. பாக்க வந்தவங்களுக்கு ஒரு டீயாவது குடுக்க வேணாமா?" குரல் இறங்கியது. "காலைல ரொம்ப ஊத்திட்டேன்னுதான் நெனச்சேன். இப்போ பாதித் தண்ணிதான் வச்சேன்."

தண்ணீர் பாதியானால் கரண்டும் பாதிதான் இழுக்கும் என்று நாத்தனார் நம்பியிருக்கிறாள்.

கணவன் ஒரு துண்டு வயரை எடுத்துப் பல்லால் கடித்து உரித்தான். உள்ளே செம்புக் கம்பி மினுங்கியது. "தள்ளு."

அவள் ஃப்யூஸ் இருந்த இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"கம்பி வேணாங்க."

"கடைக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும்தான்டி. கெட்டிலத்தான் புடுங்கியாச்சே."

"காலைலயும் புடுங்கினோம். இத்தனை பேர் வந்து போறாங்க. இன்னொருத்தர் எதையாவது சொருகினா? ஃப்யூஸ்னா தான் உருகி நின்னுடும். கம்பி நிக்காது, பழுத்துடும். அடுப்பே கூடாதுன்னாங்க, அது மட்டும் என்னவாம்? மாமா போர்வையெல்லாம் அந்த ஆக்சிஜன் காத்துதான் ஊறிக் கிடக்கு, ஒரு பொறி போதும்."

"நான் கடைக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் அவர் தாங்கணும்ல?"

அவள் கையை எடுக்கவில்லை.

"பெத்த பொண்ணா இருந்தா இப்படி மறிச்சுக்கிட்டு நிப்பாளா?" என்றாள் நாத்தனார்.

அது விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. மாமனாரின் உதடுகள் நீலம் பாய ஆரம்பித்திருந்தன. அவர் கண்ணைத் திறந்து, தன்மேல் கவிழ்ந்திருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"காத்த மறைக்காம... நில்லுங்களேன்."

எல்லோரும் விலகினார்கள். அந்த இடைவெளியில் வாசல் தெரிந்தது. வாசலில் வண்டி.

"என்னங்க," என்றாள் அவள். "வண்டில ஃப்யூஸ் இருக்குமே. இதே மாதிரிதானே?"

அவன் திரும்பிப் பார்த்தான். "அதைக் கழட்டினா வண்டி ஸ்டார்ட் ஆகாது."

"தெரியும்."

"அப்போ ஆஸ்பத்திரிக்கு..." என்று நாத்தனார் ஆரம்பித்தாள். இன்னொரு தடவை கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்று விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க என்று பெரிய டாக்டர் சொன்னபோது, பக்கத்தில் நின்று கேட்டவளும் அவள்தான்.

அவன் அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வயரைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

திரும்பி வந்தபோது பச்சை ஃப்யூஸ் ஒன்றை நீட்டினான். "முப்பது ஆம்பியர்தான் போட்டிருக்கு. பழசு நாப்பது."

"கொறச்சலா இருந்தா பரவால்ல. கூடத்தான் கூடாது. மெஷின் மட்டும் ஓடட்டும்."

அவள் ஃபேனை நிறுத்தினாள். சார்ஜில் கிடந்த அக்கம்பக்கத்து போன்களைப் பிடுங்கினாள். "என்னோடதையும் எடுத்துடும்மா. அது செத்தா நாளைக்கு உசுப்பிக்கலாம்," என்றார் பார்க்க வந்திருந்த மீன்காரர். சொன்னது எப்படிக் கேட்டது என்று உறைத்ததும், போனை வாங்கிக்கொண்டு தலை குனிந்து வெளியேறினார்.

ஃப்யூஸைச் சொருகினாள். மெஷின் ஒரு முறை கூவிவிட்டு இரைய ஆரம்பித்தது.

அறை புழுங்கியது. கணவன் அட்டையால் விசிறினான். நாத்தனார் கெட்டிலைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து, பிளக் பாயிண்டின் மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். அவரைப் பார்க்க வந்த ஒருத்தி சார்ஜரோடு தயங்கி நிற்க, "இங்க இல்ல," என்றாள். அதற்குப் பிறகு அவள் அங்கிருந்து எழவேயில்லை.

வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்கியது. மாமனாரின் மூச்சுக்கு நடுவே இடைவெளிகள் நீண்டன. ஒவ்வொன்றின்போதும் விசிறும் கை நின்று, பிறகு தொடர்ந்தது. ஒரு தடவை நின்ற கை தொடரவில்லை.

மெஷின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"நிறுத்திடவா?" நாத்தனார் கேட்டது யாரை என்று தெரியவில்லை. கணவன் அப்பாவின் பாதத்தைப் பிடித்தபடி இருந்தான்.

மருமகள் குனிந்து அவர் மூக்கிலிருந்து குழாயை எடுத்தாள். இரண்டு கன்னங்களிலும் அது பதிந்த தடம் காதுவரை ஓடியது. கட்டைவிரலால் அதை மெதுவாகத் தேய்த்தாள். தலையணைமேல் கிடந்த குழாய் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. அதன் முனையில், உதிர்ந்த வெள்ளை முடி ஒன்று அசைந்தது.