டயருக்கு மேலே இரண்டு விரல்

என் வீட்டுக்காரரின் முகத்தைவிட அவர் பாதங்களைத்தான் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும் என்றால் சிரிப்பீர்கள். இந்த லீவில் அப்படித்தான் ஆகிவிட்டது. காலையில் காபியை ஆற்றிக்கொண்டு வாசலுக்குப் போனால் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கால்களிடம்தான் நான் பேச வேண்டும். "பாப்பா ஸ்கூல்ல பேரன்ட்ஸ் மீட்டிங் வச்சிருக்காங்க" என்றால் வலது கால் லேசாக ஆடும். "சாப்பிட வாங்க" என்றால் "இந்தா வாரேன்" என்று குரல் வரும். ஆள் வராது.

அவர் பெயர் திருமுருகன். ஷார்ஜாவில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். கல்யாணமானதிலிருந்து இதே கதைதான். அவர் வருவார், வீடு கொஞ்ச நாள் கலகலவென்று இருக்கும், பிறகு பெட்டி கட்டுவார். நானும் மகள் ரம்யாவும் வல்லத்திராக்கோட்டையில் இருக்கிறோம். போன லீவில் பழைய ஸ்விஃப்ட் ஒன்றை வாங்கி நிறுத்திவிட்டுப் போனார். அதை ஓட்டுவதற்காகவே நான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். ரம்யாவைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, நான் புதுக்கோட்டையில் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் போவது அந்த வண்டியில்தான். பஞ்சர் என்றாலும் பேட்டரி என்றாலும் நானேதான் பார்க்க வேண்டும். ஆம்பளை வேலையும் பொம்பளை வேலையும் சேர்த்துப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. இதை வெளியே சொன்னால் "ஒனக்கென்ன, புருஷன் ஃபாரின்ல" என்பார்கள். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தத் தடவை கிளம்புவதற்கு முன்னால் போனில் அவரே சொன்னார்.

"வந்தா வந்ததுதான் சுகுணா. இனி திரும்புற சோலி இல்லை."

அன்றைக்கு நான் கடையில் நின்றுகொண்டே அழுதுவிட்டேன். இருமல் மருந்து வாங்க வந்தவர் பயந்துபோய்விட்டார்.

ஆனால் வந்து இறங்கியபின் அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. எங்கள் பக்கம் வெளிநாட்டிலிருந்து வந்தவனைப் பார்த்தால் எல்லோரும் ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்பார்கள். "எப்ப வந்தீங்க? எப்பப் பயணம்?" பெட்டியைக் கீழே வைக்கக்கூட விடமாட்டார்கள். எதிர்வீட்டு ஆத்மநாதன் சித்தப்பாவும் கேட்டார். "பார்ப்போம் சித்தப்பா" என்றார் இவர். ஊரே கேட்கலாம், பெண்டாட்டி மட்டும் கேட்கக் கூடாது. வீட்டுக்காரி வாயிலிருந்து 'எப்பப் போறீங்க' என்று வந்தால் அவளே வழியனுப்பியது மாதிரி ஆகிவிடும் என்பார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்றுதான் சொல்லிக்கொள்வேன். இருந்தாலும் கேட்கவில்லை. போகப்போகிறாரா, இருக்கப்போகிறாரா? சோறு வடிக்கும்போதும் அதுதான், துணி மடிக்கும்போதும் அதுதான். இடையில் ஒருநாள் இலுப்பூரில் அரிசி ஆலைக்காரர் ஒருவரைப் பார்த்து, லாரி ஓட்டும் வேலை கேட்டு வரப் போனார். திரும்பி வந்து தண்ணீர் குடித்தார், படுத்துக்கொண்டார். என்ன ஆயிற்று என்று சொல்லவில்லை.

அவர் கொண்டுவந்த அட்டைப்பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கம்பளி கொண்டுவருவார்கள், சென்ட் கொண்டுவருவார்கள். என் வீட்டுக்காரர் இரும்பு கொண்டுவந்தார். பிரித்தால் உள்ளே நான்கு ஷாக் அப்சார்பர், பளபளவென்று நீல ஸ்பிரிங். முன்சக்கரத்துக்கு மாட்டும் இரண்டும் உடம்பெல்லாம் போல்ட் மாதிரி மரை போட்டு, அதன்மேல் ஒரு வளையம்.

"இந்த வளையத்தைத் திருகுனா வண்டி எறங்கும். தரையோட தரையா நிக்கும். பார்க்க அம்சமா இருக்கும்" என்றார்.

"நம்ம ரோட்டுலயா?"

"அதுக்குத்தான் திருகு. ஏத்தணும்னா ஏத்திக்கலாம், எறக்கணும்னா எறக்கிக்கலாம்."

"இதைச் சொமந்துக்கிட்டா பிளேன்ல வந்தீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். இந்த லீவில் அவர் பல் தெரியச் சிரித்தது அப்போதுதான்.

அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறைகளில் சிநேகிதர் ஒருவரின் ஒர்க் ஷாப்பில் கூடமாட நின்று இந்த வேலையைக் கற்றுக்கொண்டாராம். மெக்கானிக்கிடம் விடச் சொன்னேன். கேட்டால்தானே. வேப்பமரத்தடியில் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கினார். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியிலேயே படுக்கவைத்தார். ஜாக்கி வழுக்கினாலும் வண்டி ஆள்மேல் விழாதாம். அதற்கப்புறம் தொடங்கியது கூத்து. பிரேக் ஓஸைப் பிடித்திருந்த கிளிப்பைக் கழற்றினார். பானட்டைத் திறந்து மேலே உள்ள நட்டுகளைத் தளர்த்தினார். கீழே பெரிய போல்ட் இரண்டு துருப்பிடித்துக் கிடந்தன. எண்ணெய் விட்டு ஊறவைத்தார், சுத்தியலால் தட்டினார், கெஞ்சினார். ஒன்று அசைந்தது, இன்னொன்று அசையவே இல்லை.

"ஏய், இங்கிட்டு வா" என்று என்னைக் கூப்பிட்டார். ஸ்பானரின் காம்பில் நீளமாக ஒரு பைப்பைச் செருகியிருந்தார். "இதுமேல ஏறி நில்லு."

"நானா?"

"நீதான். என்னைவிட நீதான் வெயிட்டு."

கோபம் வந்தாலும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஒரு குதி குதித்தேன். மடக் என்று சத்தம் வந்து போல்ட் இளகிவிட்டது. நான் அவர்மேல் சாய்ந்துவிட்டேன். எதிர்வீட்டிலிருந்து சித்தப்பா இருமினார். வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று வேலை இழுத்துக்கொண்டே போனது. பின்பக்க ஸ்பிரிங் உட்காரும் இடத்திலும் அதே மாதிரி திருகு இருந்தது. ஒருவழியாக வண்டியைக் கீழே இறக்கி, முன்னும் பின்னும் உருட்டிவிட்டு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தார்.

"முன்னெல்லாம் கையே போகும். இப்பப் பாரு, ரெண்டு விரல்தான்."

நானும் வைத்துப் பார்த்தேன். இரண்டு விரலுக்கு மேல் போகவில்லை. வண்டி பெட்டைக்கோழி அடைகாப்பது மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ஸ்கூல் வாசல்ல ஸ்பீட் பிரேக்கர்னு ஒரு குட்டிச்சுவரு கட்டி வச்சிருக்கானுங்க. இதை வச்சுக்கிட்டு நான் எப்படிங்க அதைத் தாண்டுவேன்?" என்று சத்தம் போட்டேன்.

அவர் வளையத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"நீ ஏன் கவலைப்படுறே? ஓட்டப்போறது நாந்தானே."

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஓட்டப்போறது நாந்தானே. கேட்காமலே பதில் வந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள், விட்டுவிட்டுப் போகிறவன் எவனாவது பெண்டாட்டி ஓட்டும் வண்டியை இப்படித் தரையில் போட்டுத் தேய்ப்பானா? இருக்கப்போகிறவன்தான் இந்தக் கிறுக்குத்தனத்தைச் செய்வான். அன்று ராத்திரி ரசம் வைக்கும்போது பாட்டுகூடப் பாடினேன். ரம்யா வந்து "அம்மா, ஒனக்கு என்னாச்சு?" என்று கேட்டாள்.

மறுநாளே அவர் புதுக்கோட்டைக்குப் போய் வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு வந்தார். அதற்கடுத்த நாள் திருவரங்குளம் கோயிலுக்குக் கிளம்பினோம். என் நாத்தனார் பொன்னுத்தாயும் அவர் வீட்டுக்காரர் நல்லதம்பி அண்ணனும் கூட வந்தார்கள். பொங்கப்பானை, தேங்காய், வாழைத்தார் எல்லாம் டிக்கியில். அங்கேதான் இவர் செய்த தப்பு தெரிந்தது. காலி வண்டியை வைத்து இரண்டு விரல் கணக்குப் பார்த்தவர், எங்கள் வீட்டில் காலி வண்டி எங்கேயும் போனதில்லை என்பதை மறந்துவிட்டார். ஷார்ஜாவில் ஒரு வண்டிக்கு ஒரு ஆள் போவான். இங்கே ஒரு வண்டிக்கு ஒரு குடும்பமும் ஒரு வாழைத்தாரும் போகும். முதல் ஸ்பீட் பிரேக்கரிலேயே வண்டியின் வயிற்றுப்பக்கம் கரகரவென்று ஒரு சத்தம்.

"எல்லாரும் எறங்குங்க" என்றார்.

இறங்கினோம். அவர் மட்டும் வண்டியைக் கோணலாக விட்டு மெதுவாக ஏற்றி இறக்கினார். நாங்கள் நடந்துபோய் மறுபடி ஏறினோம். அடுத்ததிலும் அதே கதை. கோயில் போய்ச் சேரும்வரை ஏறுவதும் இறங்குவதுமாகப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு டீக்கடையில் நின்றிருந்தவர் "என்ன, வண்டிக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"நடந்தே வந்திருந்தா புண்ணியமாச்சும் கெடைச்சிருக்கும்" என்று நாத்தனார் மூச்சு வாங்கினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேறு எப்போதாவது என்றால் நானே ஊரைக் கூட்டியிருப்பேன்.

மறுபடி ஏறி உட்கார்ந்ததும் நல்லதம்பி அண்ணன் முன்சீட்டிலிருந்து கேட்டார்.

"ஆமா, எப்பப் பயணம் மாப்ளே?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"எங்கிட்டும் போகலைண்ணே. வண்டியைப் பார்த்தாலே தெரியலையா?"

நாத்தனார் என் தொடையில் தட்டி "நெசமாவா?" என்றார். "அப்பா போகமாட்டாரு" என்று ரம்யா கத்தினாள். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே யாருமில்லாத ரோட்டில் ஒரு ஹாரன் அடித்தார்.

கோயிலில் நான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. கேட்டதுதான் கிடைத்துவிட்டதே என்ற நினைப்பு.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவர்தான் எங்களைக் கொண்டுபோய் விட்டார். ஸ்கூல் வாசலில் ரம்யா பெருமையாக முன்னாலேயே இறங்கி, வண்டி குட்டிச்சுவரைத் தாண்டும்வரை நின்று பார்ப்பாள். போன சனிக்கிழமை மட்டும், கொஞ்சம் வேலை இருக்கிறது, சாயங்காலம் பஸ்ஸில் வந்துவிடு என்றார். ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்தேன். வேப்பமரத்தடியில் வண்டி ஜாக்கியில் நின்றது. அடியிலிருந்து அதே இரண்டு கால்.

"இன்னும் எறக்கப் போறீங்களா? பேசாம குழி தோண்டிப் பொதைச்சிருங்க" என்றேன் கால்களிடம்.

கால் ஆடவில்லை. குரலும் வரவில்லை. பையை பானட்மேல் வைத்துவிட்டு, ஜாக்கி போடாத பக்கமாய்ப் போனேன். இந்தக் கொஞ்ச நாளில் எனக்கு அது ஒரு பழக்கமாகிவிட்டது, வருகிறபோதும் போகிறபோதும் டயருக்கு மேலே விரல் வைத்துப் பார்ப்பது. வைத்தேன். இரண்டு விரல் போனது. மூன்றாவதும் போனது. முழுக்கையும் வளையலோடு உள்ளே போய்விட்டது.

பின்னால் போய் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கை போனது.

அவர் வெளியே வந்து உட்கார்ந்தார். கையெல்லாம் கிரீஸ். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏன் ஏத்துறீங்க?"

"ஸ்கூல் வாசல்ல ஒனக்கு இடிக்கும்ல."

அதற்குமேல் அவர் எனக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அவர் சொன்னார்.

"ஷார்ஜா கம்பெனியிலேர்ந்து போன் வந்துச்சு. திரும்ப விசா போட்டுட்டாங்களாம்."

"எப்ப வந்துச்சு?"

"கோயிலுக்குப் போயிட்டு வந்த மறுநா."

"இலுப்பூர்ல?"

"அவுக ஆள் வச்சுட்டாங்க. வேற ரெண்டு எடத்துலயும் கேட்டுப் பார்த்தேன். ஆகலை." கையிலிருந்த துணியையே திரும்பத் திரும்ப மடித்தார். "எறக்கும்போது போறதா நெனைக்கவே இல்லை சுகுணா. பாப்பா மேல சத்தியமா."

"பாப்பா மேலெல்லாம் சத்தியம் பண்ணாதீங்க" என்றேன்.

அவர் சொன்னதை நான் நம்பினேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏமாற்றியிருந்தால் நாலு வார்த்தை கேட்டு வயிற்றெரிச்சலைக் கொட்டியிருப்பேன். அழுகை வருமா என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. அலுப்புதான் வந்தது, உடம்பெல்லாம் அலுப்பு. நாத்தனாரிடம் என்ன சொல்வது, ரம்யாவிடம் யார் சொல்வது என்று மனம் அடுத்த வேலைக்குப் போய்விட்டது. இத்தனை வருஷத்தில் அதற்கு அப்படிப் பழகிவிட்டது.

ஜாக்கி போட்ட மூலை ஒன்றுதான் பாக்கி. சக்கரத்தைக் கழற்றிய இடத்தில் நீல ஸ்பிரிங் தெரிந்தது. வளையத்தைத் திருகும் வளைந்த ஸ்பானர் அவர் மடியில் கிடந்தது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தேன்.

"எங்கிட்டுத் திருகினா ஏறும்?"

"நீ எதுக்கு? ஒன்னுதானே, நான் முடிச்சுர்றேன்."

"குடுங்க" என்று கையை நீட்டினேன். "ஓட்டப்போறது நாந்தானே."

அவர் ஸ்பானரை என் கையில் வைத்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.