சபாத் மேஜையில் சொன்னது

"பத்திரிகையில பேர மாத்திட்டேன்னு சொல்லாதடி! சிவப்பு விக் வெச்ச நர்சரி டீச்சர் இந்தத் தெருவுல வேற எவ இருக்கா?"

வெள்ளிக்கிழமை காலை, புரூக்ளின் ரொட்டிக்கடையில் கூட்டம் நெரிகிற நேரம். பிரைனா போட்ட கூச்சலில், "அடுத்தது யாரு?" என்ற கடைக்காரிக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. காது மட்டும் எல்லாருக்கும் திறந்திருந்தது.

"மெதுவாடி, எல்லாரும் பாக்குறாங்க," என்றாள் ஷிஃப்ரா.

"படிச்சே முடிச்சாச்சு, பாத்தா என்ன?"

ஷிஃப்ரா வாரப் பத்திரிகை நிருபர், பிரைனாவின் பள்ளித் தோழி. இக்கால யூதப் பிரச்சினைகளை எழுதும் பத்திரிகையாளர்களுக்கான ஃபெலோஷிப் ஒன்றுக்கு ஆசைப்பட்டவள். பின்னால் அது கிடைத்தும் விட்டது, பிரைனாவின் கதையை எழுதி!

பிரைனாவின் கணவன் ஸெலிக் அவளை விட்டுவிட்டு அம்மா வீட்டோடு போய்விட்டான். யூத முறைப்படி விவாகரத்துப் பத்திரத்தை அவனாகக் கையில் கொடுத்தால்தான் அவள் இன்னொருவனைக் கட்ட முடியும். யூத குருமார்களான ரபிகள் கெஞ்சிக் கூத்தாடி அவனைச் சம்மதிக்க வைத்து, நாளும் குறித்திருந்தார்கள். தன்னைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்பது மட்டும்தான் அவன் நிபந்தனை.

பிரைனா மூச்சு விட்டது ஷிஃப்ரா வீட்டில், வார ஓய்வுநாளான சபாத் விருந்தில். பேனாவையே தொடக்கூடாத நாளில் நிருபருக்கும் விடுமுறைதானே என்று நம்பிவிட்டாள் பேதை.

"சபாத்ல நான் ஒரு எழுத்துகூட எழுதலடி. நட்சத்திரம் தெரிஞ்சு சபாத் முடிஞ்சப்புறம்தான் கம்ப்யூட்டரத் திறந்தேன்."

"மனசுக்குள்ள எழுதிக்கிட்டேதானடி சோலன்ட் குழம்பு பரிமாறினே! 'இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ, அப்புறம் மாமியார் என்ன சொன்னா'ன்னு! அம்மா சொன்னாத்தான் அவன் தும்முவான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன், அதையுமா போடுவே?"

"உன்ன மாதிரி எத்தனை பேர் தவிக்கிறாங்க. யாராவது எழுத வேண்டாமா?"

"எழுது, தாராளமா எழுது. பத்திரம் என் கைக்கு வந்தப்புறம் எழுதியிருக்கலாம்ல?"

ஷிஃப்ரா தரையைப் பார்த்தாள். "விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அதுக்கு முன்னாடியே வந்துடுச்சுடி."

பிரைனா கையில் எடுத்த ரொட்டியைத் திரும்ப வைத்துவிட்டு வெளியேறினாள்.

குறித்த நாளில் ஸெலிக் ரபிகள் முன் வரவே இல்லை. அம்மா போகவிடவில்லை என்று கேள்வி.

ஷிஃப்ரா ஃபெலோஷிப்புக்காக ஜெருசலேம் போனாள். அங்கே பழகிய ஒரு வானொலிக்காரரைக் கட்டிக்கொண்டு ஹைஃபாவில் இருக்கிறாள். பிரைனா மான்ட்ரியாலுக்கு, அக்கா வீட்டுக்குக் குடிபோனாள். அங்கே ஒரு தையல்காரர், மனைவியை இழந்தவர், அவளைப் பெண் கேட்க, அந்தப் பத்திரம் வரட்டும் என்று வெகுநாள் காத்திருந்தாராம். போன ஹனுக்கா பண்டிகைக்குப் பிறகு அவரும் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார்.