கேட்காமல் வந்த பணம்

மூன்றாவது மாதமும் பணம் கூடுதலாக வந்தபோது பாஸ்புக்கை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன்.

கோர்ட் உத்தரவுப்படி மகளின் செலவுக்கு அவள் அப்பா கட்ட வேண்டியது கோர்ட் ஆபீஸ் வழியாகத்தான் என் கணக்குக்கு வரும். நாங்கள் பிரிந்த இந்த நான்கு வருடத்தில் அது ஒருநாள்கூட முன்னால் வந்ததில்லை. இப்போது அதற்கு மேல் அவரே நேராக ஒரு தொகை போடுகிறார். பஸ்ஸில் பாக்கிச் சில்லறைக்காகக் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி நடந்து வந்த மனுஷன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்த்துவிட்டு வந்த மகள், பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினாள்.

"அப்பா குடுக்கச் சொன்னாரு. அம்மா, அப்பாவுக்குக் கீழ இப்ப நாலு பேரு வேலை செய்றாங்களாம்! வேன் சாவிகூட அவர்கிட்டதான்!"

"சரி சரி, போய் மூஞ்சி கழுவு" என்றேன். உறையில் டைப் அடித்த ஒரு தாள். இனி கோர்ட் ஆபீஸ் வேண்டாமாம், நாமே பேசிக்கொள்ளலாமாம், மாதாமாதம் கூட்டியே தருவாராம். சனிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும்.

நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். அழுக்கு உடுப்புகளின் பாக்கெட்டை வெளியே இழுத்துப் பார்த்துத்தான் மெஷினில் போட வேண்டும். காலி என்று நினைத்த பாக்கெட்டில்தான் ஊசி இருக்கும். பக்கத்து மேசையில் கிழிசல் தைப்பவளுக்குக் குண்டூசி என்று பெயர். வாயில் எப்போதும் நாலு ஊசி. அவளிடம் தாளைக் காட்டினேன்.

"தர்றான்ல, வாங்கி உள்ள போடுக்கா."

"அந்த ஆளு காரணம் இல்லாம தும்மக்கூட மாட்டாருடி."

"திருந்திட்டாரோ என்னமோ."

"துணின்னா வெந்நீர்ல போட்டுத் திருத்தலாம்."

ஊசிகளைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "அப்ப லைப்ரரி மாடிக்குப் போ. வியாழக்கிழமை ஒரு வக்கீலம்மா சும்மாவே பாக்குறாங்க."

"சும்மாவா? அவங்களுக்கு யாரு காசு தர்றா?"

"உன்னைக் கட்டினவன் பாவம்க்கா."

வியாழக்கிழமை டோக்கன் வாங்கிப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். வக்கீலம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். எடுத்ததும் அந்தத் தாளைக் காட்ட நான் என்ன பைத்தியமா? பதில் தெரிந்த ஒரு கேள்வியை முதலில் போட்டேன்.

"போன வருஷம் ரெண்டு மாசம் அவர் கட்டல. அது அப்படியே போயிடுமா?"

"உத்தரவு காப்பி குடுங்க. பாக்காமச் சொல்ல மாட்டேன்."

கொடுத்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"போகாது. அந்தப் பாக்கி அப்படியே நிக்கும். ஆனா நீங்களே ஓரத்துல பென்சில்ல எழுதி வச்சிருக்கீங்களே, ‘பாக்கி போகாது’ன்னு. பரீட்சையில நான் பாஸா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் அனுப்பிய தாளை எடுத்து வைத்தேன்.

படித்துவிட்டுக் கடைசி வரியில் விரலை வைத்தாள். "‘இதுவரை எந்தப் பாக்கியும் இல்லை’. அந்த ரெண்டு மாசத்தை இதுல முழுங்குறாரு. அப்புறம், ஆபீஸ் வழியா வந்தா, அவர் கட்டலைன்னா சம்பளத்துல பிடிக்கச் சொல்லிக் கேக்கலாம். இந்தத் தாளை நம்பி அதை நிறுத்தினா, நாளைக்கு அவர் கையை விரிச்சா நீங்க மறுபடி முதல்லேர்ந்து அலையணும். ஆமா, அவருக்குச் சம்பளம் ஏறியிருக்கா?"

"தெரியாது" என்று சொல்லி வாய் மூடவில்லை, வேன் சாவி ஞாபகம் வந்தது. சொன்னேன்.

"அதான். சம்பளம் ஏறினா தொகையைக் கூட்டச் சொல்லி மனு போடலாம். நீங்க போடுறதுக்கு முன்னாடி கொஞ்சத்தைக் காட்டி வாயை அடைக்கப் பாக்குறாரு."

நினைத்தது சரிதான் என்று எனக்குச் சந்தோஷம் வரவில்லை. மூன்று மாதமாக எங்கேயோ ஒரு மூலையில், மனுஷன் மாறியிருப்பாரோ என்றும் நினைத்திருக்கிறேன் போல. இன்னொன்றும் உறுத்தியது. அப்பாவைப் பற்றிப் பெருமையாகச் சொன்ன பிள்ளை, அதையே அவருக்கு எதிராகச் சொன்ன மாதிரி ஆகிவிடுமே.

"மக சொன்னான்னு எங்கயும் எழுதாதீங்க."

"எழுத மாட்டேன். சம்பளச் சீட்டைக் கோர்ட்டே கேக்கும். குழந்தை பேச்சே வராது." மனுவை நிரப்பி என் பக்கம் தள்ளினாள்.

படித்தேன். பின்பக்கம் திருப்பினேன். ஒன்றும் இல்லை.

"ஜன்னல் வெளிச்சத்துல வேணும்னாலும் பிடிச்சுப் பாருங்க" என்றாள். பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை வாசலில் வேன் நின்றது. மகள் ஓடிப்போய் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். அவர் இறங்கி என்னிடம் வந்தார்.

"கையெழுத்துப் போட்டாச்சா?"

"இல்ல. தாளு வக்கீல்கிட்ட இருக்கு. மேல கூட்டிப் போட்டதையும் அவங்ககிட்ட சொல்லிட்டேன்."

"வக்கீலா? உனக்கேது அதுக்குக் காசு?"

"சும்மாத்தான் பாக்குறாங்க."

அவர் கண் சுருங்கியது. "சும்மாவா? அப்ப அவங்களுக்கு யாரு காசு தர்றா?"

பல வருடம் கழித்து நாங்கள் இருவரும் ஒரே மாதிரி யோசித்தது அன்றைக்குத்தான்.