வாடிக்கையாளர் அல்லாதவள்

நகரத்துக்கு வெளியே அஜக்ஸில் பார்த்த வீடு றோசலினுக்கு வாசலிலேயே பிடித்துவிட்டது. கணவர் அகஸ்ரினுக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அதை வீட்டு ஏஜென்றுக்கு முன்னால் காட்டிவிடக்கூடாது என்று அவர் சுவரைத் தட்டிப் பார்ப்பதும் முகத்தைச் சுழிப்பதுமாக நின்றார். பார்க்டேல் அப்பாற்மென்றில் இத்தனை வருடம் கரப்பானோடு குடித்தனம் நடத்திய மனிதர் புது வீட்டின் குறை கண்டுபிடிக்கிறாராம்! றோசலின் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பு வங்கி வாசல் வரைக்கும்தான் நிலைத்தது.

கடன் பகுதியில் இருந்தவர் நல்ல மரியாதைக்காரர். குரலை உயர்த்தாமல், கதிரையை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, இல்லை என்றார். இருவருடைய வேலையும் சரி, சேமிப்பும் சரி. ஆனால் றோசலினுடைய கிறெடிற் விவரத்தை, அதாவது கடன் வாங்கிக் கட்டிய கணக்கை, ஒரே வருடத்துக்குள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

“கடன் கேட்டு அலைகிறவர்களின் பெயரைத்தான் இப்படிப் பார்ப்பார்கள்” என்றார்.

“பார்த்தது யார்?”

“பைன்றிட்ஜ் காஸ் கொம்பனி.”

“எங்களுடைய அப்பாற்மென்றில் வீட்டைச் சூடாக்குகிற செலவு வாடகையோடு சேர்ந்தது. காஸ் கொம்பனியோடு எனக்கு என்ன அலுவல்?”

அவர் தோளைக் குலுக்கினார். “பெரிய கொம்பனி. காரணமில்லாமல் பார்த்திருக்க மாட்டார்கள்.”

பெரிய கொம்பனியென்றால் காரணமும் அதனோடு கூடப் பிறந்துவிடும் போலும். சின்ன மனுஷிதான் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும். இதைச் சொல்ல வாயெடுத்தவளின் முழங்கையை அகஸ்ரின் மெல்லப் பிடித்தார்.

“விடுமப்பா. அவையோட கதைச்சு என்ன?” என்றார் தெருவுக்கு வந்ததும்.

அகஸ்ரின் எதையும் விடக்கூடியவர். பஸ்ஸை விடுவார், சண்டையை விடுவார், கடைக்காரன் குறைத்துத் தந்த மிச்சத்தையும் விடுவார். றோசலின் அடுத்த நாளே வேலைக்கு லீவு போட்டுவிட்டு காஸ் கொம்பனியின் அலுவலகத்துக்குத் தனியாகப் போனாள்.

அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்பிள்ளை பெயரைத் தட்டிப் பார்த்தாள்.

“நீங்கள் எங்களுடைய வாடிக்கையாளர் இல்லை.”

“அதைத்தான் நானும் சொல்கிறேன். பிறகேன் என்னுடைய விவரத்தை எடுத்தீர்கள்?”

“வாடிக்கையாளர் அல்லாதவர்களைப் பற்றி நாங்கள் பேச முடியாது. அந்தரங்கப் பாதுகாப்பு.”

“யாருடைய அந்தரங்கம்?”

“உங்களுடையது” என்று அந்தப் பெண் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொன்னாள்.

என்னுடைய அந்தரங்கத்தை என்னிடமிருந்து காப்பாற்றுகிற இந்தக் கெட்டித்தனத்துக்கு இவர்களுக்கு ஒரு கோயிலே கட்டலாம் என்று நினைத்தபடி றோசலின் ரயிலேறினாள்.

இரண்டு கிழமை கழித்து மில்லிக்கனில் பத்மநாதன் வீட்டில் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. மண்டபம் முழுக்கச் சேலைச் சரசரப்பு. மேடையில் பிள்ளை பல்லக்கில் வந்திறங்கினாள். றோசலினும் அகஸ்ரினும் இருந்த மேசைக்கு அருள்நாயகம் வந்து அமர்ந்தார். ஊர்ச்சங்கத்தின் தனாதிகாரி அவர். பெரிய கொம்பனியில் கணக்குப் பகுதியில் வேலை என்று சனம் சொல்லும். எந்தக் கொம்பனி என்று றோசலின் ஒருநாளும் கேட்டதில்லை. கோட்டும் ரையும் போட்டுக்கொண்டு வருகிறவரை யார் கேட்பது?

அவர் கோழிப் பொரியலைக் கடித்துக்கொண்டே ஆதரவாக அவள் பக்கம் சாய்ந்தார்.

“தங்கச்சி, வீடு சரிவரேல்லையாம் எண்டு கேள்விப்பட்டன். நீங்கள் அந்தச் சோபா செற்றைத் தவணைக்கு எடுத்திருக்கக் கூடாது. ரெண்டு மாசம் பிந்திக் கட்டியுமிருக்கிறியள். உதெல்லாம் கிறெடிற்றில விழும், கண்டியளோ.”

றோசலின் முள்ளுக்கரண்டியைத் தட்டில் வைத்தாள். சோபா தவணைக்கு வாங்கியது என்பது அவளுக்கும் அகஸ்ரினுக்கும் கடைக்காரனுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் ‘காசு குடுத்து எடுத்தது’ என்றுதான் அகஸ்ரின் சொல்லியிருந்தார். அந்தச் சின்னப் பொய்யில் அவருக்கு ஒரு பெருமை; போகட்டும் என்று அவளும் விட்டிருந்தாள்.

“அண்ணை, உங்களுக்கு உது எப்பிடித் தெரியும்?” என்று மெல்லக் கேட்டாள்.

அருள்நாயகத்துக்கு அந்தக் கேள்வி இனித்தது. “நான் பைன்றிட்ஜிலயெல்லோ. புதுசா காஸ் எடுக்கிற ஆக்களின்ர கிறெடிற் பாக்கிறது எங்கட பகுதிதான். பேரையும் பிறந்த திகதியையும் அடிச்சா முழுச் சாதகமும் வந்து நிக்கும். சாத்திரியார் பாக்கிறதிலும் திறம்.”

“நான் காஸ் எடுக்கேல்லையே, அண்ணை.”

“அதுக்கென்ன? உங்கட தம்பி வினோதனைச் சிவபாதத்தாரின்ர மகளுக்குப் பேசினவையெல்லே. பொடியன் உங்களோடதானே இருக்கிறார், குடும்பம் எப்பிடியெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லச் சொல்லி அவர்தான் கேட்டவர். நான் எங்கட சனத்துக்கு ஒரு உதவியாத்தான் செய்யிறனான். ஒரு சதம் எடுக்கிறேல்லை.”

எதிரே இருந்த சிவபாதத்தார் திடீரென்று தன் தட்டிலிருந்த கத்தரிக்காயில் பெரிய அக்கறை காட்டத் தொடங்கினார்.

“அது ஒரு தரம். மற்றத் தரமெல்லாம்?”

“மற்றது சும்மா. சோபாக் காசு கட்டி முடிச்சிட்டியளோ எண்டு பாத்தனான்.”

றோசலின் எழுந்து நின்றாள். குரலைத் தாழ்த்தவில்லை.

“நீங்கள் சும்மா பாத்ததாலதான் அண்ணை எனக்கு வங்கிக்காரன் இல்லையெண்டவன். ஒவ்வொருக்கா நீங்கள் பாக்கேக்கையும் என்ர பேரில ஒரு கறை விழுந்துகொண்டிருந்திருக்கு. மற்றவையின்ர வீட்டு யன்னலுக்குள்ள தலையை விட்டுப் பாக்கிறவனுக்கு ஊரில ஒரு பேர் இருக்கு. கோட் போட்டுக்கொண்டு பாத்தா அதுக்குப் பேர் உதவியோ?”

பக்கத்து மேசைகள் அடங்கின. மேளச் சத்தத்தையும் மீறி இது எல்லோர் காதிலும் ஏறியிருந்தது. இனி இந்தச் சனம் மனுஷனைப் பிய்த்தெடுக்கப் போகிறது என்றுதான் றோசலின் எதிர்பார்த்தாள். இங்கே இருப்பவர்களில் எத்தனை பேருடைய சாதகம் இவர் கைபட்டதோ!

பின் மேசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். அருள்நாயகத்தின் காதருகே குனிந்தாள். ரகசியம் என்று அவள் நினைத்த குரல் மூன்று கதிரை தள்ளியும் கேட்டது.

“அண்ணை, எங்கட மருமோனின்ரயையும் ஒருக்காப் பாத்துச் சொல்லுவியளே?”

றோசலின் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

கார் நிறுத்துமிடத்தில் அகஸ்ரின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். சோபா விஷயம் சபையில் வந்ததுதான் அவருக்கு வெட்கம் என்று றோசலின் நினைத்தாள்.

“நாளைக்கு நானும் வாறன்” என்றார் அவர்.

இந்தமுறை கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணோடு அவர்கள் பேசவில்லை. மேலாளரைப் பார்க்காமல் போக மாட்டோம் என்று வரவேற்பறையில் இருந்துகொண்டார்கள். மத்தியானத்துக்குப் பிறகு ஒருவர் வந்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். அருள்நாயகத்தின் பெயரைக் கேட்டதும் அவருடைய முகம் மலர்ந்தது.

“எங்களுடைய மிகச் சுறுசுறுப்பான ஊழியர். இந்தப் பகுதியிலேயே அதிகப் பெயர்களைப் பார்த்து முடித்தவர் என்று போன வருடம் பாராட்டுக்கூடக் கொடுத்தோம்.”

“அதில் என்னுடைய பெயர் எத்தனை தரம்?” என்று கேட்டாள் றோசலின். “ஒருவருக்குத் தெரியாமல் அவருடைய விவரத்தை எடுக்க உங்கள் ஊழியர் எவராலும் முடியுமா?”

“நாங்கள் எங்கள் ஊழியர்களை நம்புகிறோம்.”

“எங்களையும் கொஞ்சம் நம்பியிருந்தால் நான் இப்போது வீட்டில் இருந்திருப்பேன்.”

மேலாளர் பேனாவை உருட்டினார். வருத்தம் என்றார். அதைச் செய்தவரிடம் விளக்கம் கேட்போம் என்றார். பிறகு, யாரோ நினைவுபடுத்தியதுபோல, “நீங்கள் பத்திரிகைக்காரர் யாரிடமாவது பேசினீர்களா?” என்றார்.

இந்த ஒரு மணிநேரத்தில் அந்த மனிதர் உண்மையாக அறிய விரும்பிக் கேட்ட ஒரே கேள்வி அதுதான். றோசலின் வாயைத் திறப்பதற்குள் அகஸ்ரின் பதில் சொன்னார்.

“இன்னும் இல்லை.”

அந்த ‘இன்னும்’ வேலை செய்தது. நியாயமும் மன்றாட்டமும் அசைக்காத பாறையை அது அசைத்தது. மேலாளர் தானே கிறெடிற் காரியாலயத்தோடு பேசி, பைன்றிட்ஜ் பார்த்ததெல்லாம் பிழையாகப் பார்த்தவை என்று சொல்லி றோசலினுடைய பெயரிலிருந்து எடுப்பித்தார். வங்கிக்கும் பேசினார். வங்கியில் இருந்த மரியாதைக்காரர் அதே கதிரையை அதே மாதிரி இழுத்துப் போட்டு, அதே குரலில், இப்போது ஆம் என்றார். தான் முதலில் பிழை விட்டதாக அவர் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லிப் பழக்கமில்லை போலும்.

ஆனால் அந்த வீடு விலைப்பட்டுப் போயிருந்தது. மாரி முழுதும் தேடி, அஜக்ஸிலேயே நெடுஞ்சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த இன்னொன்றை எடுத்தார்கள். யன்னலைத் திறந்தால் லொறிகள் படுக்கையறைக்குள் ஓடுவதுபோல இருக்கும். சமையலறையும் சின்னது. றோசலின் அந்தச் சமையலறையில் நின்று, கைக்கெட்டாமல் போன மற்ற வீட்டின் அலுமாரிகளை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

அருள்நாயகத்தைக் கொம்பனி வேலையிலிருந்து நிறுத்தவில்லை. வீடு வீடாகப் போய் மீற்றர் வாசிக்கிற வேலைக்கு மாற்றியது. இனியும் அவர் மற்றவர்களின் வீட்டைப் பார்க்கலாம். ஆனால் மணியடித்துக் கேட்டுவிட்டுத்தான் பார்க்க வேண்டும். சங்கத்திலோ அவரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருடமும் அவரே தனாதிகாரி. பேச்சு வாங்கியது றோசலின்தான். ஒரு தமிழ் மனுஷனின் வேலையில் கைவைத்தவள், வெள்ளைக்காரனிடம் போய்க் கோள் சொன்னவள் என்று கடைத்தெருவில் இரண்டு பேர் அவள் காதுபடவே சொன்னார்கள். தங்களுடைய பெயரும் அந்த இயந்திரத்தில் எத்தனை தரம் உருண்டது என்று கேட்க ஒருவருக்கும் நாவெழவில்லை.

வீடு மாறப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த சனிக்கிழமை சிவபாதத்தார் போன் அடித்தார். அகஸ்ரின்தான் எடுத்தது. சிவபாதத்தாரின் உரத்த குரல் றோசலினுக்கும் கேட்டது. சம்பந்தம் இனிச் சரிவராது, சபையில் வாய்காட்டுகிற குடும்பத்தில் பெண் கொடுக்க மனைவிக்கு விருப்பமில்லை, குறை நினைக்கக் கூடாது என்றார். வினோதன் அந்தப் பெண்ணை ஒரு தரம், அதுவும் படத்தில்தான் பார்த்திருந்தான். அவன் கட்டிலைக் கழற்றுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

அகஸ்ரின் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். ஓம், ஓம் என்றார். பிறகு சொன்னார்:

“நல்லது அண்ணை. நாங்கள் உங்களைப் பற்றி ஒருத்தரிட்டையும் விசாரிக்கேல்லை. விசாரிச்சிருக்க வேணும்.”

போனை வைத்துவிட்டு வந்து, பீங்கான்களைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றத் தொடங்கினார். றோசலின் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பாக்கிறீர்?” என்றார் அகஸ்ரின். “பெட்டி ஒட்டுற அந்த ரேப்பை எடும். லொறிக்காரன் வரப்போறான்.”