பேட்டரிக்கு எழுதிய மொய்

பேட்டரிக்குக் காது குத்த முடியாது. அதனால்தான் என் மகளுக்குக் காது குத்தினோம். அழகுமீனாவுக்கு அப்போது வயது பதினாறு. கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுக்குக் காது குத்தி, மொட்டையும் போட்டாகிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்குப் பட்டு கட்டி, மாலை போட்டு, காதணி விழா என்று பத்திரிகை அடித்தால் ஊர் சிரிக்க வேண்டும். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் வீட்டில் விளக்கு எரிய வேண்டியிருந்தது.

எங்கள் புளியங்களம் மேலூருக்கு வடக்கே மலையடியில் இருக்கிறது. நாற்பத்தாறு வீடுகள். நடுவில் காட்டிலாகா நிலம் கிடப்பதால் கரண்டுக் கம்பம் எங்களை எட்டிப் பார்த்ததே இல்லை. தொண்ணூற்றேழில் ஒரு தொண்டு நிறுவனம் வந்து சூரியத் தகடுகளை நட்டு, ஒரு கொட்டகை கட்டி, அதில் பேட்டரிகளை வரிசையாக அடுக்கி, வீட்டுக்கு இரண்டு விளக்கு கொடுத்துவிட்டு, இனி இது உங்கள் ஊர்ச் சொத்து என்று சொல்லிப் போய்விட்டது. ஊர் ஒரு கமிட்டி போட்டது. என் மனைவி ராமக்காளின் பெரியப்பா மகன் வீரணன் தலைவர். பத்தாவது பாஸ் செய்த ஒரே காரணத்துக்காக நான் செயலாளர். தகட்டைத் துடைப்பதும், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதும், சாயங்காலம் சுவிட்சைப் போடுவதும் நான்தான். அதில் எனக்குப் பெருமை வேறு.

தகடு நட்ட மதுரை இன்ஜினியர் சாய்குமார் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணே, தகடு இருபது வருசம் ஒழைக்கும். பேட்டரி ஆறு வருசந்தான். வீட்டுக்கு மாசம் இருபது ரூவா இன்னைக்கே எடுத்து வச்சிருங்க. இல்லேன்னா ஏழாவது வருசம் ஊரு இருட்டாப் போயிரும்" என்றார்.

முதல் வருஷம் எல்லோரும் கொடுத்தார்கள். இரண்டாம் வருஷம் இருளாயி சின்னம்மா ஆரம்பித்துவைத்தாள். "சூரியன் என்ன ஒங்கப்பன் வீட்டுச் சூரியனா? அது பாட்டுக்கு எரியுது. அதுக்கு எதுக்குடா காசு?"

இரண்டு மாதம் கட்டாத வீட்டுக்கு வயரைப் பிடுங்கலாம் என்று விதி இருந்தது. பிடுங்கினேன். அன்று சாயங்காலமே வீரணன் வந்தார். "சொந்தபந்தத்துக்குள்ள வெளக்கப் புடுங்குவியா மாப்ள? நல்லாவா இருக்கு?" என்றார். நல்லா இல்லைதான். மறுபடி மாட்டிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அதற்குப் பிறகு எந்த வீடும் ஒழுங்காகக் கட்டவில்லை. எனக்கும் வாயைத் திறந்து கேட்கத் தைரியம் இல்லை.

சாய்குமார் சொன்னது தப்பவில்லை. இரண்டாயிரத்து மூன்று கோடையில் பேட்டரி செத்தது. மதுரை கோரிப்பாளையத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் அப்துல் ரசாக் பாயிடம் போய் விலை கேட்டேன். எழுபத்தைந்தாயிரம் என்றார். பழையதை எடுத்துக்கொண்டு எட்டாயிரம் கழிப்பார். கமிட்டிக் கணக்கில் பன்னிரண்டாயிரம் கிடந்தது. மீதி ஐம்பத்தைந்தாயிரத்துக்கு எங்கே போவது?

விசேஷம் வைத்து மொய் வாங்கலாம் என்றார் வீரணன்.

பதினைந்து வருஷமாக நான் ஊர் ஊராகப் போய் மொய் எழுதியிருக்கிறேன். கல் குவாரியில் கூலி வாங்கிய கையோடு மண்டபத்துக்குப் போய் எழுதிவிட்டு, வீட்டுக்கு வெறுங்கையோடு வந்து ராமக்காளிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். நோட்டைக் கூட்டினால் நாற்பதாயிரத்துக்கு மேல் வெளியே நின்றது. நாங்கள் ஒரு விசேஷம் வைத்தால் அது திரும்பி வரும். அழகுமீனாவுக்கு நர்ஸ் படிப்பு படிக்க ஆசை. பன்னிரண்டாவது முடித்ததும் அந்த வருஷமே விசேஷம் வைத்து, வருகிற மொய்யை அப்படியே மதுரையில் கட்டிச் சேர்த்துவிடுவது என்று நானும் ராமக்காளும் முடிவு செய்து வைத்திருந்தோம். ஒரு முறை எடுத்துவிட்டால் அடுத்த ஐந்து வருஷத்துக்கு விசேஷம் வைக்க முடியாது. ஊர் முறை அது.

"ஊருக்கு வெளக்குப் போட நாம எதுக்கு விசேசம் வைக்கணும்? கமிட்டி பேருல பத்திரிக அடிங்க" என்றாள் ராமக்காள்.

"கமிட்டி பேருல அடிச்சா எவன் தாயி போடுவான்? நாளைக்கு அவன் வீட்டுல ஒண்ணுன்னா கமிட்டியா வந்து திருப்பிச் செய்யும்?" என்றார் வீரணன். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒம் பேருல வாங்குவோம் மாப்ள. இனி வீட்டுக்கு மாசம் அம்பது. ரெண்டு வருசத்துல அம்புட்டும் ஒன் கைக்கு வந்துரும். எம் மருமக படிப்புக்கு நான் பொறுப்பு."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. மாதம் ஐம்பது வீதம் நாற்பத்தாறு வீடு, இரண்டு வருஷம். போட்டுப் பார்த்தேன், ஐம்பத்தைந்தாயிரம் வந்தது. கணக்கு சரியாக வந்ததும் நான் மயங்கிவிட்டேன். ராமக்காள் அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஆவணியில் விழா வைத்தோம். கிடா வெட்டினோம். செலவு போக ஐம்பத்தைந்தாயிரம் நின்றது. அதில் பெரும்பகுதி நான் போட்டது திரும்பி வந்தது. மீதி என் தலையில் புதிதாக ஏறிய கடன். வீரணனே இரண்டாயிரத்து ஒன்று எழுதி, மைக்கில் சொல்லச் சொன்னார். அழகுமீனா மாலையோடு உட்கார்ந்து, தலையை நிமிர்த்தவே இல்லை.

மறுவாரம் பேட்டரி வந்தது. ரசாக் பாய் ரசீதைக் கமிட்டி பெயரில் எழுதினார். சரிதானே, ஊர்ச் சொத்து அல்லவா என்று வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

இந்த முறை ஊர் பணம் கட்டியது. மூன்று மாதம் இருட்டில் கிடந்த பயம். இருளாயி சின்னம்மாகூட ஐம்பது ரூபாயைத் தேடி வந்து கொடுத்தாள். ஆனால் தையிலும் மாசியிலும் பங்குனியிலும் வரிசையாக விசேஷங்கள் வந்தன. எனக்குப் புதிதாக மொய் எழுதியவர்கள் பத்திரிகையோடு வாசலில் நின்றார்கள். வந்த ஐம்பதெல்லாம் அங்கே போயிற்று. போகட்டும், கடன் குறைகிறதே என்று இருந்தேன்.

அடுத்த கோடையில் தேர்தல் வந்தது. முப்பது வருஷம் கிடைக்காத காட்டிலாகா அனுமதி பத்து நாளில் கிடைத்தது. கம்பம் வந்தது, கம்பி வந்தது, குடிசைக்கு ஒரு விளக்கு இலவசம் என்றார்கள். வயர்மேன் முதல் விளக்கைப் போட்டதும் ஊரே கை தட்டியது. நானும்தான் தட்டினேன். வெளிச்சம் வருவதை யார் வேண்டாம் என்பார்கள்? வீட்டுக்கு நடந்து வரும்போதுதான், இனி மாதம் ஐம்பது ரூபாய் யார் கொடுப்பார்கள் என்று உறைத்தது.

அந்த மாதம் நாலு வீடு ஐம்பது ரூபாய் கொடுத்தது. அடுத்த மாதம் ஒன்றும் இல்லை. யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓசியில் எரிகிற விளக்கை விட்டுவிட்டுக் காசு கொடுத்து எரிக்க நானே தயாராக இல்லை.

ஊர்க் கூட்டம் போட்டார்கள். பேட்டரியை விற்றுவிடலாம் என்று ஒரே பேச்சாக முடிந்தது. வேனில் ஏற்றிக்கொண்டு ரசாக் பாயிடம் போனேன். அவர் தயங்கினார். "ஓடுன பேட்டரிய எவன் நம்பி வாங்குவான் அண்ணே? ஈயம் என்ன வெலயோ அதுக்கு மேல கொஞ்சம் போட்டுத் தாரேன். மாஷா அல்லாஹ், நல்லா வச்சிருக்கீங்க" என்றார். பதினெட்டாயிரத்து நானூறு கொடுத்தார்.

அழகுமீனாவுக்கு நர்சிங் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. முதல் தவணை பதினேழாயிரம். பஸ்ஸில் வரும்போது மடியில் பணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பிழைத்தோம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

பணத்தைக் கூட்டத்தில் வைத்தேன். வீரணன் ரசீதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "கமிட்டி பேருல இருக்கு. ஊர்ச் சொத்து. தலக்கட்டுக்கு நானூறு வருது. பிரிச்சிருவோம்" என்றார்.

"அப்ப என் மொய்யி மச்சான்?"

"மொய்யி வேற மாப்ள. அது ஒனக்கும் போட்டவனுக்கும் உள்ளது. ஊருக்கும் அதுக்கும் என்ன இருக்கு?"

சுற்றிலும் பார்த்தேன். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருளாயி சின்னம்மா மட்டும், "அவென் புள்ள படிக்கணும்னு சொன்னானேப்பா" என்று மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அவளும் நானூறை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். எனக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள். என் வீடும் ஒரு தலைக்கட்டு அல்லவா.

ஆடி பிறப்பதற்கு முன்பே அழகுமீனா திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லுக்குப் போய்விட்டாள். அங்கேயே தங்கி வேலை. நான் போகச் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

ஆவணியில் வீரணன் பேரனுக்குக் காதணி விழா. வெற்றிலை பாக்கோடு அவரே நேரில் வந்து பத்திரிகை வைத்தார். அவர் எழுதிய இரண்டாயிரத்து ஒன்றைத் திருப்ப வேண்டும். வீட்டில் இருந்த காசு அழகுமீனா அனுப்பிய இரண்டு மாதச் சம்பளம் மட்டும்தான். ராமக்காள் எண்ணி எடுத்து என் கையில் வைத்தாள். தான் வரவில்லை என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மண்டபத்தில் மொய் மேசைக்கு முன்னால் நின்றேன். எழுதுகிறவர் தலையைத் தூக்காமலே, "பேரு சொல்லுங்க" என்றார்.

முத்துக்கருப்பன் என்று என் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த நோட்டுகளைக் கொடுக்கக் கை வரவில்லை.

"அழகுமீனா. புளியங்களம். ரெண்டாயிரத்தி ஒண்ணு" என்றேன்.

பக்கத்தில் நின்ற வீரணன் திரும்பினார். "என்ன மாப்ள மாத்திச் சொல்ற? ஒம் பேருல நிக்கிறது அப்படியேல்ல நிக்கும்?"

"நிக்கட்டும் மச்சான். அது பேட்டரிக்குப் போட்டது, ஊருகிட்ட வாங்கிக்கங்க. இது எம்மக மில்லுல நின்னு சம்பாதிச்சது. என்னைக்காவது அவளுக்குத்தான் திரும்பி வரணும்."

எங்கள் பக்கம் மொய்யைத் திருப்பாதவன் வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். எனக்கு அது தெரியும். எழுதுகிறவர் வீரணன் முகத்தைப் பார்த்தார். வீரணன் வாசல் பக்கம் போய்விட்டார். எழுதுகிறவர் எழுதினார், மைக்கிலும் சொன்னார்.

பந்தியில் எனக்கு இலை போட்டார்கள். பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் எழுந்து அடுத்த வரிசைக்குப் போனார். நான் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது ராமக்காள் வாசலில் நின்றிருந்தாள். என்ன நடந்தது என்று சொன்னேன். இனி இந்த ஊரில் நமக்கு நல்லது கெட்டதுக்கு ஆள் வராது என்றும் சொன்னேன். அதெல்லாம் அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"அவ பேர மைக்குல சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"சொன்னாங்க."

"முழுப் பேரையுமா?"

"முழுப் பேரையும்" என்றேன். அதன் பிறகுதான் அவள் அழுதாள்.