தாகங்களுக்கு ஊற்றியவர்

தேரியோ மக்புஹோஸ் குடியை விட்ட அன்று அவருடைய தாகம் அவர் உடம்பைவிட்டு இறங்கி, வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கு முகம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரும் தோரணை அச்சு அசல் தேரியோவுடையது. போட்டிருந்த கட்டம்போட்ட சட்டையும் அவருடையதுதான், கொடியில் காய்ந்துகொண்டிருந்ததை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தது. அவர் மனைவி சபீனா ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்தாள். சட்டை போனது போனதுதான் என்று முடிவுகட்டிவிட்டு அரிசி களையப் போனாள்.

பானஹாவ் மலைச்சரிவில் இருக்கும் கலும்பாங் ஊருக்குத் தென்னைதான் எல்லாம். ஒரு மரத்தின் உச்சியிலிருந்து அடுத்த மரத்தின் உச்சிக்கு மூங்கில் கட்டி, கீழே இறங்காமலே நடந்து போய்க் கள் இறக்குவார்கள். காலையில் இறக்கிய கள், காய்ச்சிய சாராயமாக மாலையில் அவர்களிடமே திரும்பி வரும். வட்டமாக உட்கார்ந்து எல்லோரும் ஒரே கிளாஸில்தான் குடிக்க வேண்டும். கிளாஸை நிரப்பி ஒவ்வொருவருக்காகக் கொடுப்பவருக்குத் தங்கேரோ என்று பெயர். அவர் அளவு மாற்றக் கூடாது, யாரையும் தாண்டக் கூடாது. முதல் கிளாஸைக் கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கென்று மண்ணில் ஊற்ற வேண்டும். நீட்டிய கிளாஸை மறுத்தவனோடு அந்த ஊரில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். தேரியோ இருபது வருடம் தங்கேரோவாக இருந்தார். சபீனாவின் தையல் மெஷின் குடிக்கு அடகு போனது அந்த வருடங்களில்தான். மாதா கோயிலில் யார் கண்ணிலும் படாமல் கடைசி பெஞ்சில் உட்கார அவள் பழகிக்கொண்டதும் அப்போதுதான்.

பலாமரத்தடியில் உட்கார்ந்த தாகம், பொழுது சாயும் நேரத்தில் வீட்டு வாசலையே பார்க்க ஆரம்பித்தது. தேரியோவுக்கு ஊற்றிக் கொடுப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. வெல்லம் போட்டுக் கொதிக்கவைத்த இஞ்சித் தண்ணீரைக் கிளாஸில் ஊற்றி, முறைப்படி முதலில் மண்ணுக்குக் கொடுத்து, அடுத்ததை அதனிடம் நீட்டினார். அது குடித்துவிட்டு அங்கேயே இருந்துவிட்டது. அடுத்த மாதம் ஒன்யோங் வந்தான். போதையில் மூங்கில் பாலத்திலிருந்து விழுந்து கால் வளைந்தவன். தேரியோ கொடுத்த இஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டு அவன் எழுந்தபோது, அவனுடைய தாகம் எழவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கப்பித்தான் என்று எல்லோரும் அழைக்கும் ஊர்த்தலைவர் மெலானியோகூட ஒருநாள் கொல்லைப்பக்கமாக வந்து, தன்னுடையதை விட்டுவிட்டுப் போனார். சில வருடங்களில் பலாமரத்தடி நிரம்பிவிட்டது. கிணற்றில் தண்ணீர் கீழே போனது, மரத்தில் பழங்கள் சாறில்லாமல் காய்த்தன. சபீனா அதற்கும் பழகிக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லக் கூப்பிட்டார்கள். தேரியோவுக்கு மேடைப் பேச்சு வராது. தன் தாகத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், வகுப்பில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அது டிரம்மைக் காலி செய்துவிட்டு, பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களைப் பார்த்தது. அந்த வகுப்பில் படித்தவர்கள் யாரும் பிற்காலத்தில் கிளாஸைத் தொடவில்லை.

ஒரே ஒரு தடவைதான் தவறு நடந்தது. வெளியூரில் தங்கையின் அடக்கத்துக்குப் போன தேரியோவால், பஸ் கிடைக்காமல் மாலைக்குள் திரும்ப முடியவில்லை. ஊற்ற ஆளில்லை என்று தெரிந்ததும் தாகங்கள் எழுந்து, தங்கள் சொந்தக்காரர்களின் வீட்டுக்கு நடந்தே போய்விட்டன. மறுநாள் ஒன்யோங்கைச் சாராயம் காய்ச்சும் கொட்டகையில் கண்டெடுத்தார்கள். அவனை மீட்க ஒரு மழைக்காலம் ஆயிற்று. அவனோடு போன இன்னும் இரண்டு பேரை மீட்கவே முடியவில்லை. அதற்குப் பிறகு தேரியோ ஊர் எல்லையைத் தாண்டியதில்லை.

இதெல்லாம் தெரிந்தும்தான், திருவிழாவுக்கு முன்னால் மெலானியோ வந்து நின்றார். குடியைத் தடுக்கவும், குடித்தவர்களை மீட்கவும் பாடுபட்டவர்களை நகராட்சித் திடலில் மேடையேற்றிக் கௌரவிக்கப் போகிறார்களாம்.

"குயா, இந்த வருஷம் உங்க பேருதான். மாட்டேன்னு மட்டும் சொல்லிப்புடாதீங்க. பேனர்ல படம் அடிச்சாச்சு." ஊரில் எல்லோரும் தேரியோவை அண்ணன் முறையில் குயா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சாயங்காலம் வச்சிருக்கீங்களே. இவங்களுக்கு யாரு ஊத்துறது?"

"ஒரு நாள் காயட்டுமே, என்ன இப்போ?"

"காயாது மெலானியோ, வீட்டுக்குப் போயிரும். உங்க வீட்டுக்கும் அதுல ஒண்ணுக்கு வழி தெரியும்."

மெலானியோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கேட்டுக்கொண்டிருந்த சபீனாதான் அடுப்படியிலிருந்து வந்தாள்.

"இருபது வருஷம் கடைசி பெஞ்சுல உட்கார்ந்தேன், தேரியோ. ஒரே ஒரு தடவை எல்லாரும் பார்க்க மேடையில உட்காரணும். அதுங்களையும் கூட்டிட்டு வா. திருவிழாவுக்கு எல்லா ஜென்மமும்தான் வருது."

அதற்குமேல் தேரியோ மறுப்புச் சொல்லவில்லை. அந்த ஆசையை அவளுக்கு உண்டாக்கியதே அவர்தான்.

திருவிழா அன்று தாகங்கள் அவருக்குப் பின்னால் வரிசையாக நடந்தன. அவை கடந்த இடத்தில் சாலையோரத்து வாய்க்கால் வறண்டது. திடலில் முன்வரிசை நாற்காலிகளை அவற்றுக்கு ஒதுக்கினார்கள், போதாததற்குப் பள்ளியிலிருந்து பெஞ்சுகள் வந்தன. சபீனா மேடையில், மடியில் இஞ்சித் தண்ணீர்க் குடத்தோடு உட்கார்ந்தாள். மெலானியோ தேரியோவின் தோளில் குறுக்காகக் கௌரவப் பட்டை அணிவித்தார், பெயர் பொறித்த மரப்பலகையைக் கொடுத்தார். பிறகு, கை பழகிய பழக்கத்தில், ஒரு பாட்டிலைத் திறந்து கிளாஸை நிரப்பி நீட்டினார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஒருவருக்கு மரியாதை செய்ய அந்த ஊருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

நீட்டிய பிறகுதான் அவருக்கே உறைத்தது. கிளாஸைத் திரும்ப வாங்குவதும் அவமானம், மறுப்பதும் அவமானம். முன்வரிசையில் எல்லாத் தாகங்களும் எழுந்து நின்றன. கூட்டத்தில் அவற்றின் சொந்தக்காரர்கள் தொண்டையைத் தடவிக்கொண்டார்கள். தேரியோவின் கை கிளாஸை வாங்கிக்கொண்டது. வாசனை மூக்கில் ஏறியது. கட்டம்போட்ட சட்டை போட்ட தாகம் மேடைப் படியேறி, அவரை நோக்கி நேராக நடந்தது. அவருக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

சபீனா எட்டி அதன் சட்டையைப் பிடித்தாள். அத்தனை வருடத்தில் அவள் அதனோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"உட்காரு," என்றாள். "உனக்கு நான் ஊத்துறேன்."

தன் நாற்காலியில் நகர்ந்து பாதி இடம் கொடுத்தாள். அது உட்கார்ந்து, அவள் கையால் இஞ்சித் தண்ணீர் குடித்தது.

தேரியோவுக்கு மூச்சு வந்தது. "தங்கேரோ நான்தானே?" என்று கேட்டு மெலானியோவின் கையிலிருந்து பாட்டிலையும் வாங்கிக்கொண்டு, மேடையைவிட்டு மண்ணில் இறங்கினார். "கார்மெலோவுக்கு," என்று முதல் கிளாஸைத் தரையில் ஊற்றினார். மூங்கிலிலிருந்து விழுந்து செத்தவன். மறுபடி நிரப்பி, "தியோதோராவுக்கு," என்றார். கல்லீரல் அழுகிச் செத்தவள்.

"குயா, மண்ணுக்கு ஒரு கிளாஸ்தானே?" என்றார் மெலானியோ மெல்ல.

"கண்ணுக்குத் தெரியாதவங்க நிறைய பேரு, மெலானியோ. யாரையும் தாண்டக் கூடாதில்ல?"

அளவு பிசகாமல், பெயர் சொல்லிச் சொல்லி ஊற்றினார். கூட்டத்தில் பெண்கள் விட்டுப்போன பெயர்களை எடுத்துக்கொடுத்தார்கள். பெயர்கள் முடிவதற்கு முன்னால் பாட்டில் முடிந்துவிட்டது. மரியாதை மறுக்கப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தாகங்கள் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. சபீனா குடத்தோடு இறங்கி வந்து வரிசையாக ஊற்ற ஆரம்பித்தாள். அன்று இரவு எல்லாம் பலாமரத்தடிக்கே திரும்பின. அவற்றோடு வந்த பெஞ்சுகளைப் பள்ளிக்கூடம் திருப்பிக் கேட்கவில்லை.

சில வருடங்கள் கழித்து, ஒரு மழைக்காலத்தில் தேரியோ நெஞ்சுச் சளியில் இறந்துபோனார். அடக்கத்துக்கு ஊரே வந்தது. அவருடைய தாகம் சவப்பெட்டிக்குப் பின்னால் கல்லறை வரை நடந்து போய்விட்டு, மற்றவர்களோடு வீட்டுக்குத் திரும்பியது. அது போய்விடும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. அது போகவில்லை. மாலையானால் சபீனா ஊற்றுகிறாள், முதல் கிளாஸை மண்ணில் விடும்போது இப்போது தேரியோவின் பெயரையும் சொல்கிறாள். அடுத்தது கட்டம்போட்ட சட்டைக்கு. அது ஒரு முழங்காலைக் கட்டிக்கொண்டு, அவரைப் போலவே உட்கார்ந்து குடிக்கிறது. சட்டை வெளுத்து நைந்துபோனதால், போன கிறிஸ்துமஸுக்குப் புதிதாக ஒன்று கையாலேயே தைத்துக் கொடுத்தாள். தோள் அளவு எடுக்கத் தேவைப்படவில்லை.