படம் நாலு, கண் ஒன்று

"குரல் வர்றதுக்கு முன்னாடியே எப்பிடிண்ணா படத்தப் பாக்குறீங்க?"

ஷைனி கேட்டதும் செங்குட்டுவனுக்கு முதுகில் வியர்வை கோடு போட்டது.

நெய்வேலி நகரியத்தின் சமுதாயக் கூடம். சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்த காண்ட்ராக்ட் ஆட்களை சூப்பர்வைசர் சைமன்ராஜ் அப்படியே ஓட்டி வந்திருந்தார். ஷைனி ஆராய்ச்சி மாணவி. திரையில் நாலு படம், காதில் ஒரு வாக்கியம். கேட்கக் கேட்கக் கண் எந்தப் படத்துக்கு எப்போது ஓடுகிறது என்று கேமரா பிடித்துவிடும். தமிழ் கேட்கிறவன் கண்ணும் இந்தி கேட்கிறவன் கண்ணும் ஒரே மாதிரி ஓடுமா? அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். பொறுமையாகத்தான் சொன்னாள். யார் நம்பினார்கள்? பெர்மனென்ட் லிஸ்ட் வரப்போகிற மாதத்தில் கண்ணுக்குக் கேமரா வைத்தால், அது மெடிக்கல் இல்லாமல் வேறென்ன?

மெடிக்கலுக்கு அவர்களிடம் ஒரு வழி உண்டு. முதலில் போய் வருகிறவன் சுவர் அட்டையின் எழுத்துகளை ஒப்பிப்பான். மற்றவர்கள் மனப்பாடம் செய்துகொள்வார்கள். வெல்டிங் பொறி தெறித்து இடது கண் மங்கிய செங்குட்டுவன் ஆறு வருஷமாகத் தப்பித்தது அப்படித்தான். இன்றைக்கும் முன்னால் போய் வந்த சடையப்பனிடம் கேட்டு, மாங்காய், குடை, பானை, நாய் என்று வரிசையாக உருப்போட்டிருந்தான். பெர்மனென்ட் லிஸ்ட்டில் அவனுக்கு அடுத்த பெயர் சடையப்பன்; இவன் கழிந்தால் அவன் உள்ளே.

"ஆளுக்கு ஆள் வரிசை மாறும்ணா. காலைலேர்ந்து எடுத்தது பூரா குப்பை" என்று எரிந்து விழுந்தவள், திரையைப் பார்த்து முணுமுணுத்தாள். "இடது கண்ண இது புடிக்கவே இல்லியே."

சைமன்ராஜ் காதில் அது விழுந்தது.

"ஒத்தக் கண்ண வெச்சிகினுதான் கரி ஓடுற பெல்ட்டாண்ட நின்னுகினு இருந்தியா?"

இது ஆஸ்பத்திரி இல்லை, விவரம் வெளியே போகக்கூடாது என்று ஷைனி குறுக்கே வந்தாள். அவர் அவளைக் கையால் ஒதுக்கினார். பீடி நாற்றமடித்த உள்ளங்கை செங்குட்டுவனின் வலது கண்ணை அழுத்தி மூடியது. வரிசையிலிருந்து யாரையோ இழுத்து எதிரில் நிறுத்தும் சத்தம்.

"யாரு நிக்கிறான், சொல்லு."

சாம்பல் நிறத்தில் ஓர் ஆள் உயரம். முகமில்லை. ஒரு செருமல் போதும், பெயரைச் சொல்லிவிடுவான். காதைத் தீட்டிக்கொண்டான். வேறு எவனாக இருந்தாலும் இந்நேரம் செருமியிருப்பான். எதிரில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

செங்குட்டுவன் உதட்டை ஈரமாக்கிக்கொண்டான்.

"சடையப்பன்."

உள்ளங்கை விலகவில்லை. சாம்பல் உருவம் ஓர் அடி பின்னால் போயிற்று.